நூற்றுப்பதிமூன்றாவது தாள்

1

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள், ஒரு கதை வைத்திருக்கிறேன். முழுக்க நிஜமா என்று மட்டும் சத்தியம் கேட்காதீர்கள். ஆவணக் காப்பகத்தில் என் வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து தேநீர் குடிக்கையில், அங்கிருந்த காப்பாளர் அம்மாள் பாதியைச் சொன்னார். மீதியை நான் செருகினேன். எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே குழம்பிவிட்டது.

2

மழை கொட்டிய ஒரு சாயங்காலம், காப்பாளர் அந்தப் பெட்டியை

(இல்லை. மழையைத் திகிலுக்காகச் சேர்த்தேன். நல்ல வெயில். காகிதம் பறக்கும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தார்கள்.)

வியாழன்தோறும் ஒரு தையல்காரர் வருவார். ஒரே பெட்டியைத்தான் கேட்பார். ஆலை வேலைநிறுத்தத்தை நடத்திய தலைவரின் கடிதங்கள் அவை. அவர் குடும்பத்தார் கொடுத்தவை. மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் காப்பாளரே பென்சிலால் எண் போட்டிருந்தார்.

பதினோரு வாரமாக ஒரே பெட்டி என்றால் யாருக்குத்தான் உறுத்தாது? அதுவும் தையல்காரரின் அப்பா யாரென்று தெரிந்த பிறகு! வேலைநிறுத்தத் துண்டறிக்கைகளை அச்சடித்தவர்; போலீசிடம் காட்டிக்கொடுத்தார் என்று பெயர் வாங்கியவர். காப்பகத்து ஒலிப்பதிவுகளில் மூன்று பழைய தொழிலாளிகள் அடித்துச் சொல்கிறார்கள்: "அச்சுக்காரன்தான்."

அப்பாவைப் பற்றிய தாளைக் கிழித்துக்கொண்டு போகத்தான் மகன் வருகிறார் என்று காப்பாளர் முடிவு கட்டினார். (நானும் முதல் பிரதியில் அவருக்குத் திருட்டு முழி வைத்து எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன்.)

3

பதினோராவது வியாழனன்று பெட்டி திரும்பி வந்ததும் காப்பாளர் எண்ணினார். நூற்றுப்பதிமூன்று. மறுபடி எண்ணினார். குறையவில்லை, கூடியிருந்தது! எண் இல்லாத ஒரு தாள்.

வாசலுக்கு விரைந்தார். "அண்ணே, அவரு பையைப் பார்த்தீங்களா?"

"போறப்ப பார்க்கிறதுதான் என் வேலை," என்றார் காவலாளி. "வர்றப்ப எதுக்கும்மா? இங்க இருக்கிற பழைய காகிதம் பத்தாதுன்னு வீட்டுலேர்ந்து வேற கொண்டாருவாங்களா?"

தையல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். காப்பாளர் அவரை உள்ளே அழைத்துவந்து தாளை மேசைமேல் வைத்தார். தலைவர் அச்சுக்காரருக்கு எழுதிய கடிதம்: 'நீ சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னது என் வீட்டு ஆள். அதை வெளியே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.'

4

"இது என்னங்கய்யா?"

"எங்கப்பாவுக்கு வந்தது. எங்க வீட்டு அலமாரியில இருந்துச்சு."

"நேராவே கொடுத்திருக்கலாமே? ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டா வாங்கிக்கப்போறோம்."

"கொடுத்தவர் அச்சுக்காரன் மகன்னு எழுதிவைப்பீங்க. எவன் நம்புவான்? தலைவர் பெட்டிக்குள்ள கிடந்தா, கேள்வியே வராதுல்லம்மா."

காப்பாளர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். அதே சாய்வு, அதே சுழிப்பு. (அங்கேதான் இடிக்கிறது. பதினோரு வாரம் அதே எழுத்தை உற்றுப் பார்த்த மனிதர்; அளவுச் சட்டை ஒன்று கொடுத்தால் அச்சு அசலாக வெட்டித் தருகிற கை. காகிதம் பழசுதான், ஆனால் பழைய நோட்டுப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலும் கிடைக்கும்.)

"இதை நீங்க எழுதலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. அது போதும்."

தையல்காரர் அவரையே பார்த்தார். "எங்கப்பா சாகுறவரைக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னாரு. 'நான் இல்லை'ன்னு. யாருக்கும்மா போதுமா இருந்துச்சு?"

கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

5

ஒரு முடிவில் காப்பாளர் மூலையில் 113 என்று எழுதிப் பெட்டியை மூடுகிறார். இன்னொன்றில், பின்னாலேயே ஓடித் தெருமுனையில் கடிதத்தை அவர் கையில்

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் இரண்டின் மேலும் சந்தேகம் வந்தது. பொய்யை உள்ளே விட்டால், வரலாறு என்று நம்பி எடுத்துப் படிப்பவர்களை ஏமாற்றியதாகும். நிஜத்தை வெளியே தள்ளினாலோ, செத்தவர்மேல் மறுபடியும் அதே பழி.

"கடைசியில எண் போட்டீங்களா?" என்று காப்பாளரிடமே கேட்டேன். அவர் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

தாள் இப்போது உங்கள் மடியில் கிடக்கிறது, கண்ணுகளா. நீங்களே பார்த்துச் செய்யுங்கள். உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும். அந்த வீட்டில் யாராவது 'நான் இல்லை' என்று சொல்ல நேர்ந்தால், காகிதம் கேட்காமல் நம்புகிற ஒருவராவது பக்கத்தில் இருக்கட்டும்.