முப்பத்து மூன்றாவது மாற்றம்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்காக அந்த அலுவலகம் செய்து கொடுத்த ஆப், காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் மூன்றாவது ரிப்போர்ட்டைத் திறந்ததும் பொட்டென்று மூடிக்கொண்டது. முதல் இரண்டு ரிப்போர்ட்டுக்கும் பரம சாது. மூன்றாவதில்தான் மண்டையைப் போடும். போன மாதப் பதிப்பில் இந்த வியாதி இல்லை. இடையில் ஆப்பின் நிரலில், அதாவது கோடில், அறுபத்து நான்கு மாற்றங்கள் நுழைந்திருந்தன. எது குற்றவாளி என்று நாலு மணிக்குள் கண்டுபிடிக்கும் வேலையை மேலாளர், அங்கே வேலை பார்த்த அவள் தலையில் கட்டினார்.

அவளுக்கு அதில் ஒரு தர்மசங்கடம். அந்த அறுபத்து நான்கில் இருபது, இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த அவள் கணவன் எழுதியவை. மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு வேலை நிரந்தரமாகுமா என்பது அன்று சாயங்காலம்தான் முடிவாக இருந்தது.

"அவர் மாட்டினா உங்க வீட்ல இன்னிக்கு சண்டைதான்," என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

அவள் சிரிக்கவில்லை. யாருக்கும் சலுகை காட்டுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். கொஞ்சம் அதிகமாகவே இருந்தாள்.

தேடும் முறை எளிது. நடுவிலிருக்கும் முப்பத்திரண்டாவது மாற்றம் வரைக்குமான பதிப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒழுங்காக ஓடினால் கோளாறு அதற்குப் பின்னால் வந்தது. விழுந்தால் அதற்குள்ளேயே இருக்கிறது. இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் ஆறு தடவையில் ஆள் சிக்கிவிடும். ஓட்டிப் பார்த்து 'நல்லது', 'கெட்டது' என்று சொல்வது அவள் பொறுப்பு. கழித்துக்கொண்டே போவது, இதற்கென்றே கணினியில் இருக்கும் தேடுகருவியின் பொறுப்பு.

முதல் தடவை இரண்டு ரிப்போர்ட் திறந்திருந்தாள். போன் அடித்தது. மாமியார்.

"அவன் போனையே எடுக்க மாட்டேங்கறாம்மா. சாப்டானா?"

"சாப்பிட்டார் அத்தை. இங்கதான் இருக்கார்."

பேசி முடித்துத் திரும்பினாள். ஆப் சமத்தாக நின்றிருந்தது. 'நல்லது' என்று தட்டினாள். அடுத்த ஐந்து தடவையும் அது விழுந்தது. ஐந்து தடவையும் 'கெட்டது'. கருவி முப்பத்து மூன்றாவது மாற்றத்தைக் காட்டியது. ரிப்போர்ட் திறக்கும் பக்கத்தில் நாலே நாலு வரி. அவள் கணவன் எழுதியது.

இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கலாமென்று கை போனது. புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பார்களே என்று கையை இழுத்துக்கொண்டு, நேரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

மேலாளர் அவனைக் கூப்பிட்டார். அவன் அவளைத் திரும்பிப் பார்த்து, "நீ பாத்தியா?" என்றான். தலையாட்டினாள்.

"அப்ப என்னோடதுதான் சார். மன்னிச்சுக்குங்க."

சாக்குப்போக்கே சொல்லவில்லை. நிரந்தர விஷயத்தை ஆறு மாதம் தள்ளிவைக்கும்படி மேலாளர் மேலிடத்துக்கு எழுதினார்.

அந்த நாலு வரியை அவளே எடுத்துவிட்டு ஆப்பை ஓட்டினாள். மூன்றாவது ரிப்போர்ட்டில் பழையபடி விழுந்தது.

தேடிய பதிவைத் திறந்தாள். ஒரே ஒரு 'நல்லது'. பிறகு வரிசையாக ஐந்து 'கெட்டது'. அந்த ஒற்றை 'நல்லது'க்கு அடுத்த வீட்டில் இருந்த பாவத்துக்குத்தான் முப்பத்து மூன்று மாட்டியிருக்கிறது. முப்பத்திரண்டை மறுபடி ஓட்டி, இந்த முறை மூன்று ரிப்போர்ட்டும் திறந்தாள். விழுந்தது. மாமியாரோடு பேசிய கவனத்தில் மூன்றாவதை அவள் திறக்கவே இல்லை.

மேலாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி தேடினாள். பத்தொன்பதாவது மாற்றத்தில் போய் நின்றது. வெளியாரிடமிருந்து எடுத்துப் பயன்படுத்தும் ஒரு நிரலின் புதுப் பதிப்பு, தானாகவே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. திட்டுவதற்கு ஆளே இல்லை. அதை நீக்கியதும் ஆப் பத்து ரிப்போர்ட்டை அசராமல் திறந்தது.

"அவர் மேல தப்பில்ல சார். நான்தான் சரியா பாக்கல. மேல திருத்தி எழுதிடுங்க."

மேலாளர் மோவாயைத் தடவினார். "கோளாறு அவரோடது இல்லன்னு எழுதிடறேன். ஆனா அவரே ஒத்துக்கிட்டாரேம்மா? தன் கோட திறந்துகூடப் பாக்காம ஒத்துக்கறவர நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? ஆறு மாசம் போகட்டும்."

அவன் கைகழுவும் இடத்தில் காபிக் கோப்பையை அலசிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது. அது கோபமாக வெளியே வந்தது.

"ஏன் ஒத்துக்கிட்டீங்க? அந்த நாலு வரிய ஒரு தடவ பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே!"

அவன் குழாயை மூடினான்.

"வேற யார் சொல்லியிருந்தாலும் பாத்திருப்பேன். நீ சொன்னே. அப்புறம் நான் என்னத்தப் பாக்கறது?"