இரண்டாவது ட்ராக்

வளைகாப்பு வீடியோ அம்மாவின் பழைய டிவியில் ஓடவில்லை. அதை வேறு ஃபார்மட்டில் மாற்றித் தரும் வேலை மூத்த மகள் வித்யாலட்சுமியின் தலையில் விழுந்தது.

"உன் லேப்டாப்புல பாத்தேனே, பாட்டைப் போட்டு அவ குரலையே அமுக்கிட்டாங்கடி. எனக்கு அவ பேசுறது கேக்கணும். ஒரு வார்த்தையாச்சும்," என்றாள் அம்மா.

தங்கை கிருத்திகா, வளைகாப்பு முடிந்த ஒன்பதாம் நாள், இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். வருகிற வெள்ளியோடு ஒரு வருடம்.

வீடியோ எடுத்த ஆம்ப்ரோஸுக்கு விவேக் நகரில் ஸ்டுடியோ. வித்யா போன் செய்தாள்.

"மைக் சத்தம் அதே ஃபைல்லதான் இருக்கும்மா. மொத ட்ராக் பாட்டு, ரெண்டாவது மைக். கன்வெர்ட் பண்றப்ப ரெண்டுக்கும் டிக் போடுங்க. சும்மா விட்டா மொதல மட்டும் எடுத்துக்கும். ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

ஞாயிறு மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது ட்ராக்கைக் கேட்டாள். பாத்திரச் சத்தம், வளையல் சத்தம், புளியோதரை இன்னும் வரவில்லையா என்று யாரோ அலுத்துக்கொள்வது. பத்தொன்பதாவது நிமிடத்தில் கிருத்திகா.

"அக்கா, தலை ரொம்ப வலிக்குது. கண்ணெல்லாம் மங்கலாத் தெரியுது."

"மாசமா இருந்தா எல்லாருக்கும் அப்படித்தான். சிரிடி, கேமரா உன்னையேதான் பாக்குது."

அந்தச் சிரிப்பு கலந்த குரல் தன்னுடையதுதான். மறந்துவிட்டதாக வித்யா நினைத்திருந்தாள். மறக்கவில்லை, அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறாள். 'முன்னாடி தலைவலின்னு சொன்னாங்களா?' என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அம்மா இல்லையென்றாள். அம்மாவுக்குத் தெரியாது. வித்யா பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றாள்.

இரண்டாவது டிக்கை எடுத்தாள். போட்டாள். மறுபடி எடுத்தாள். எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கிருத்திகாவின் குரல் வேறெங்கும் இல்லை. கடைசியில் இரண்டையும் சேர்த்தாள், பாட்டை முதலில் வைத்து. அம்மாவுக்கு ரிமோட்டில் ட்ராக்கை மாற்றத் தெரியாது. அதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவளுக்கே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, படையல் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அம்மா டிவி முன் தரையில் உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. கிருத்திகா இரண்டு கை நிறைய வளையலோடு வாயசைத்தாள்.

"குரல் இல்லையாடி?"

அம்மா திரைக்கு அருகே நகர்ந்தாள்.

"நிறுத்து, நிறுத்து. இங்க பாரு, உன் பக்கம் திரும்பி ஏதோ சொல்றா. சிரிக்கக்கூட இல்ல. என்னடி சொன்னா?"

ஞாபகமில்லை என்ற சொல் நாக்கு வரை வந்தது. ஒரு வருடமாகப் பழகிய சொல்.

"அவளே சொல்லுவாம்மா," என்று கொஞ்சம் பின்னால் ஓட்டி, ரிமோட்டில் இரண்டாவது ட்ராக்குக்கு மாற்றினாள்.

பாட்டு அறுந்தது. மண்டபத்து இரைச்சல் வீட்டை நிரப்பியது.

"அக்கா," என்றாள் கிருத்திகா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், கண்கள் நிரம்பின. ஒரு வருடம் கழித்து வந்த குரல்.

அடுத்து வரப்போவது தன் குரல் என்று வித்யாவுக்குத் தெரியும். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.