எண்பது வார்த்தைக்குள் ஒரு விஞ்ஞானி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை, என் நாத்தனாருடையது. துணி மடிக்கும்போது அவள் சொன்னாள். ஒரே தலையணை உறையை மூன்று முறை மடித்துப் பிரித்தபடி நான் கேட்டேன். முடித்ததும், "அண்ணி, இத எழுதிடாதீங்க" என்றாள். எழுதுகிறவளிடம் அப்படிச் சொல்வது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பதுதான்.

'மருத்துவ ஆராய்ச்சி மாநாட்டு மண்டபத்தின் குளிரில் அவள் விரல்கள்' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். மாநாட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் விரல் நடுங்குவானேன்? அலுவலகத்தில் தொடங்குகிறேன்.

2

நாத்தனாருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். ஒரு மருத்துவக் கல்லூரியின் மாநாட்டுப் பிரிவில் ஒப்பந்த வேலை. இருபத்து நான்கு பேச்சாளர்களின் படிப்பு, பதவி, விருது எல்லாவற்றையும் ஆளுக்கு எண்பது வார்த்தையாக வெட்டி மாநாட்டுக் கையேட்டில் சேர்க்க வேண்டும். ஒருவர் பதினொரு பக்கம் அனுப்பியிருந்தார். நான்காம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் வாங்கிய இரண்டாம் பரிசிலிருந்து ஆரம்பம்.* இன்னொருவர் தம்மைத் தாமே 'எளிமையின் சிகரம்' என்று எழுதியிருந்தார். கத்தரி அதை வெட்டியதும் போன் வந்தது. விருதுகளை எடுத்தாலும் பரவாயில்லையாம், எளிமையை மட்டும் விட்டுவைக்க வேண்டுமாம்.

(* முதல் பரிசு வாங்கியவர் எந்த மாநாட்டில் பேசுகிறாரோ தெரியவில்லை.)

ஒரே ஒரு குறிப்பு மட்டும் இரண்டரை வரியில் வந்தது. சிறுநீரகத்தை ஆராயும் ஒரு பெண் விஞ்ஞானி. முனைவர் பட்டம், அடுத்து மூன்றாண்டு ஆராய்ச்சி, பிறகு இப்போதைய பதவி. நடுவில் ஏழு வருடம் காணோம்.

மாநாட்டுச் செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் பேராசிரியர், கத்தரியின் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. "இவ்ளோ பெரிய ஓட்டைய வச்சுக்கிட்டு எப்படிம்மா அச்சடிக்கிறது? 'தனி ஆராய்ச்சி ஆலோசகர்'னு போட்டு அடைச்சுடு" என்றார்.

கத்தரிக்கு வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியாது. விஞ்ஞானிக்கே போன் போட்டாள்.

3

"அந்த ஏழு வருஷம் என்ன பண்ணீங்க மேடம்?"

"வேன்."

கத்தரி பேனாவைத் திறந்தாள். "அது எதோட சுருக்கம் மேடம்?"

"சுருக்கமெல்லாம் இல்லம்மா. நாலு சக்கரம், ஒரு ஹாரன். ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தேன்."

[இந்த இடத்தில் ஒரு சபலம் வந்தது. விஞ்ஞானியின் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, மகள் படிப்பை விட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள், அதிலிருந்துதான் அந்த ஆராய்ச்சியே பிறந்தது என்று ஒரு பக்கம் எழுதி நானே அழுதேன். கத்தரி படித்துவிட்டு, அவருடைய அப்பா கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார், தினமும் நாலு மைல் நடக்கிறார் என்றாள். அழுதது வீண்.]

நடந்தது இவ்வளவுதான்: ஆராய்ச்சிக்கான நிதி நின்றது, வேலை போனது. அக்கா வீட்டுக்காரரின் வேன் ஓட்ட ஆளில்லாமல் நின்றது. ஒரு மாதம் என்று சாவியை வாங்கினார். ஏழு வருடம் ஆயிற்று. கஷ்டமாக இருந்ததா என்று கேட்டதற்கு, நன்றாகத்தான் இருந்தது என்றாராம். போடலாமா என்றதற்கு, நடந்ததுதானே, போடுங்கள் என்றாராம்.

4

செயலாளரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மாநாட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று மட்டும் கேட்டார். கத்தரி தலையாட்டினாள். இடத்துக்கு வந்து, 'ஏழு ஆண்டுகள் பள்ளி வேன் ஓட்டினார்' என்று தட்டச்சு செய்தாள். தெரிந்தேதான் செய்தாள்.

அச்சுக்கு முந்தைய படி செயலாளரின் மேசைக்குப் போனது. அவர் நேராகத் தம்முடைய பக்கத்தைப் புரட்டினார், ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினார், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். (நம்ப முடியவில்லை என்றால் என்னைக் குறை சொல்லாதீர்கள். நான் கற்பனை செய்திருந்தால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன்.)

5

மாநாடு. விஞ்ஞானி பதினெட்டு நிமிடம் பேசினார். சிறுநீரகத்தில் காயம் ஆறிய பிறகும் 'ஆற்று, ஆற்று' என்று கட்டளை நிற்காமல் போவதால் தழும்பு மண்டி உறுப்பே கெட்டுவிடுகிறது; அந்தக் கட்டளையை நிறுத்துவது எது என்று, இப்போதைய பதவிக்கு வந்ததிலிருந்து பதினொரு வருடமாக அவர் தேடுகிறார். தழும்பே வராத ஒரு எலியின் படத்தைக் காட்டினார்.

கேள்வி நேரத்தில் ஆறு கைகள் உயர்ந்தன. எத்தனை பிள்ளைகளை ஏற்றினீர்கள்? பெண் ஓட்டுநர் என்று யாராவது ஏதாவது சொன்னார்களா? வேன் கற்றுத்தந்த பாடம் என்ன? ஆறும் வேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கையேட்டில் அந்த வரியைச் சேர்த்தது தமது யோசனைதான் என்று செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது கத்தரியின் காதில் விழுந்தது. வேலை தப்பியது.

'அவள் கண்களில் வெற்றியின்' — இல்லை. அப்படி முடிந்திருந்தால் அவள் என்னிடம் சொல்லியே இருக்க மாட்டாள்.

வராந்தாவில் காகிதக் கோப்பையோடு விஞ்ஞானி நின்றிருந்தார். கத்தரி தான் யார் என்று சொல்லி அறிமுகம் செய்துகொண்டாள்.

"கிட்னியப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கலயேம்மா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. வகுப்புக்கு மாணவர்கள் யாரும் வராத ஆசிரியரின் குரல்.

"நான் அதப் போட்டிருக்கக் கூடாதா மேடம்?"

"போடச் சொன்னது நான்தானே. பொய்யும் இல்ல. ஆனா இன்னிக்கு அவங்க கைதட்டினது டிரைவருக்கு. டிரைவர் எப்பவோ வேலைய விட்டுட்டாங்க."

கத்தரிக்கு மூஞ்சி செத்துவிட்டது. இருபத்து நான்கு பேரையும் வெட்டியவள், ஒருவரைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. இன்றுதான் ஒரு முழுப் பேச்சுக்கும் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் யோசித்து, "அந்த எலிக்கு மட்டும் ஏன் தழும்பு வரல?" என்றாள்.

விஞ்ஞானி கோப்பையைக் கீழே வைத்தார். கையேட்டைத் திருப்பி, பின்னட்டையில் படம் வரையத் தொடங்கினார். அடுத்த அமர்வுக்கு மணி அடித்தது. இருவரும் போகவில்லை.

6

இங்கேயே முடித்திருப்பேன், அழகாக இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு மாநாட்டுக்கான அழைப்பு தயாராகிவிட்டது. அதே விஞ்ஞானிக்குப் பெரிய அரங்கில் ஒரு மணி நேரம்; தலைப்பு: தன்னம்பிக்கை. எலிக்கு இடமில்லை. கடிதம் கத்தரியின் மேசையில் நான்கு நாளாகக் கிடக்கிறது.

அவர் மறுத்துவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். வந்து, ஒரு மணி நேரமும் எலியைப் பற்றியே பேசிவிடுவதாக இன்னொன்று. கத்தரி இரண்டையும் படித்தாள், கதையை முதலிலிருந்து புரட்டினாள்.

"வேனுக்கு எத்தன வரி எழுதியிருக்கீங்க அண்ணி? எலிக்கு எத்தன?"

நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமலே தெரிந்தது. அந்த எலிக்கு ஏன் தழும்பு வரவில்லை என்று அவளிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை என்பதும் தெரிந்தது.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. பெரிய அரங்கம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பேசி முடித்துவிட்டார். மைக் வரிசை வரிசையாகக் கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது. ஒரு கேள்விக்குத்தான் நேரம். வேன் நாக்கு நுனி வரை வந்துவிட்டதா? எனக்கும்தான். அவசரமில்லை, யோசித்துக் கேளுங்கள்.