உடன் வருபவர்

"எத்தனை நாள்?"

"முப்பது நாள். விசாவே அவ்வளவுதான் குடுத்திருக்காங்க."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். பத்திரமா போய்ட்டு வா. சார்ஜரை மறந்துடாதே."

புறப்பட்ட அன்று காலை கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் உள்ளே போய்ச் சார்ஜரை எடுத்துவந்து கொடுத்தார். வியாழக்கிழமை அவள் விமானம் ஏறினாள். திங்கட்கிழமை, கடல் தாண்டிய ஒரு சிற்றூரின் வாடகை அறையில் கணினியைத் திறந்து அவள் முதல் வரியை அடித்த அதே நிமிடத்தில், வீட்டில் இருந்த அவளுடைய மேசையிலும் தட்டச்சுச் சத்தம் தொடங்கியது. கணினியை அவள் கையோடு கொண்டுபோய்விட்டதால் மேசைமேல் ஒன்றுமில்லை. வெறும் மரத்திலிருந்துதான் சத்தம் வந்தது.

அவள் வேலை கேட்டு எழுதுவது. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தங்கள் குரலில் பதிந்து அனுப்புவதை, ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். பதினோரு வருட அனுபவம். விரல் வேகத்தைப் பார்த்து அலுவலகத்தில் மின்னல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு வந்த குரல்களில் ஒரு நுரையீரல் மருத்துவரின் குரலுக்குப் பின்னால் எப்போதும் கடல் கேட்கும். வலப்பக்கம் கீழே சளி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் தாள் புரட்டும் இடைவெளியில் ஓர் அலை வந்து உடைந்து திரும்பும். அந்த மருத்துவர் ஓய்வுபெற்று அவர் குரல் வருவது நின்றதும், வீட்டில் ஏதோ ஒரு மின்விசிறியை நிறுத்திவிட்டதுபோல அவளுக்குக் காது வெறிச்சென்று ஆனது. பழைய கடிதத் தலைப்பில் இருந்த முகவரியைத் தேடி எடுத்தாள், சேர்த்துவைத்திருந்த விடுப்பைக் கேட்டாள், கிளம்பிவிட்டாள். அந்த ஊரில் இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது அதே அலைதான். ஐந்தாறு அலைகளுக்கு ஒருமுறை ஒன்று மட்டும் கொஞ்சம் தயங்கி வரும், அதுவும் அப்படியே இருந்தது. விடுப்பு நான்கே நாளில் தீர்ந்ததால், மீதி நாட்களுக்கு அறையிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டாள்.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துபவர். ஒரு ஜோடிக்கு மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப்போல மூன்று மடங்கு எடுப்பார் என்பதால் தெருவில் அவருக்குக் கேலியாக அவசரம் என்று பெயர். செவ்வாய்க்கிழமை அவர் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்.

"நீ டைப் அடிக்கிற சத்தம் இங்க கேக்குது."

"பக்கத்து வீடா இருக்கும்."

"பக்கத்து வீட்டுல யாருக்கு டைப்பிங் தெரியும்? அதுவும் வார்த்தைக்கு வார்த்தை இடம் விடறப்ப கட்டைவிரலால ஒரு குத்து குத்துவியே, அதே குத்து."

அடுத்த வாரம் அவர் மேசைமேல் ஒரு டம்ளர் தேநீர் வைத்தார். மாலையில் பாதி குறைந்திருந்தது, எப்போதும் அவள் வைக்கும் பாதி. குளியலறையில் துண்டு ஈரமாக இருந்தது. சீப்பில் நீளமாக முடி வந்தது. அவளுடைய நாத்தனார் ஒருநாள் வந்து, காலி நாற்காலியைப் பார்த்து, "வீட்டுக்கு வந்தவளை வான்னு கேக்க மாட்டியாம்மா? அவ்வளவு பெரிய வேலையா?" என்று இடித்தாள். சத்தம் சட்டென்று நின்று நாற்காலி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. நாத்தனாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். அதன்பின் அந்தத் தெருவில் யாரும் அதைப் பேசவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் அவள் தொலைப்பணி விசாவுக்கு விண்ணப்பித்தாள். சுற்றுலாவாக வந்தவர்கள் கெடு முடியும்முன் அங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாம் என்று விதி இருந்தது. சம்பளம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆள் அங்கே வசிக்க வேண்டும். மறுத்துவிட்டால் ஏழு நாளில் வெளியேற வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு வாசல் கிடையாது. பதினான்கு பக்கப் படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் அவள் நிரப்பினாள். ஒன்பதாம் பக்கத்தில் 'உடன் வருபவர்' என்ற கட்டத்தில் மட்டும் பேனாவை வைத்து, எடுத்து, வெறுமனே விட்டுவிட்டாள். அந்தக் கடலை அவரோடு கேட்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதை அவரிடம் சொல்லவில்லை, படிவத்திடம் சொல்வானேன்?

சான்றுகள்தான் இழுத்தடித்தன. அலுவலகக் கடிதம் கேட்டபோது வீடியோ அழைப்பில் மேலாளர் தலையைச் சொறிந்தார். "லெட்டர் தரதுல ஒண்ணுமில்ல மின்னல். ஆனா நீ வெளிநாட்டுலருந்து வேலை செய்யறேன்னு எப்படி எழுதறது? சிஸ்டத்துல தினமும் உன் வீட்டுலருந்துதானே லாகின் ஆகுது?" புகைப்படம் அடுத்த தொல்லை. வெள்ளைத் திரைமுன் உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள். அச்சில் அவள் முகத்துக்குப் பின்னால் வீட்டின் பச்சைச் சுவர் வந்தது, சுவிட்சுப் பெட்டியின் ஓரத்தில் ஓடும் விரிசலோடு. மூன்று முறை எடுத்தும் அப்படித்தான். மூன்றாவது படத்தில் விரிசலுக்குப் பக்கத்தில் கணவரின் சட்டை தொங்கியது. "என் கேமராமேல தப்பில்லைங்க" என்று படக்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

முடிவு வரும்வரை தங்கலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு அவள் இரண்டு மாதம் இருந்தாள். முதல் மாதத்தில் மளிகைக் கடையின் தானியங்கிக் கதவு அவளுக்குத் திறப்பதை நிறுத்தியது. வேறு யாராவது வரும்வரை நின்று அவர்கள் பின்னாலேயே நுழையக் கற்றுக்கொண்டாள். கடற்கரை ஈர மணலில் நடந்து திரும்பிப் பார்த்தால் அவள் தடம் மட்டும் இருக்காது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒருநாள் மதியம், அவள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த நாற்காலியில் வீட்டுக்காரம்மாவின் பூனை ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுத்துத் தூங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. பூனைக்கும் இடைஞ்சலாக இல்லை. மடியில் ஒரு வெதுவெதுப்பாவது தெரியுமா என்று அசையாமல் பார்த்தாள். தெரியவில்லை.

இருப்பிடம் பார்க்க வந்த அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மெத்தையை அழுத்திப் பார்த்தாள், அடுப்பை முகர்ந்தாள், நாற்காலிக் கையில் விரலால் கோடு போட்டாள். தூசு எழும்பியது.

"இங்க யாரும் குடியிருக்கற மாதிரி தெரியலையே."

"நான்தான் இருக்கேனே."

"எதிர்ல நிக்கறீங்க, அது தெரியுது. குடியிருக்கறதைக் கேக்கறேன். தண்ணி மீட்டர் ரெண்டு மாசமா நகரலையே?"

வீட்டுக்காரம்மா நல்லெண்ணத்தோடு குறுக்கே வந்தாள். "தங்கமான பொண்ணுங்க. ஒரு சத்தம் கிடையாது, ஒரு அழுக்கு கிடையாது. இருக்கறதே தெரியாது." அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

குடியேற்ற அலுவலக எழுத்தர் அவள் கோப்பைத் திறந்து படித்துவிட்டு, காணாமல்போன ரசீதைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். அந்த வருடம் அந்த ஊரில் இருபத்தாறு பேர் இப்படி விண்ணப்பித்திருந்தார்கள். நான்கு பேருக்கு ஏதோ ஒன்று சொந்த வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது.

"ஒருத்தருக்கு இருமல் மட்டும் அங்க நின்னுபோச்சு. அது பரவாயில்லன்னு குடுத்துட்டோம். உங்களுக்கு முக்கால்வாசி அங்க இருக்கும்மா. இங்க இருக்கறதை வச்சு எப்படிக் கொடுக்கறது?"

"அதை எப்படி வரவழைக்கறது?"

"கூரியர்ல வராது. தனியாவும் வராது. அது கூட யாரு இருக்காங்களோ, அவங்க கிளம்பினா அதுவும் கிளம்பிடும்." எழுத்தர் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிக் காலிக் கட்டத்தில் விரலை வைத்தார். "வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள இதுல ஒரு பேர் வேணும்."

"அவருக்கு வேலை இருக்கும்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னும் கேக்கவே இல்லையா?"

கல்யாணமான முதல் வருடத்தில் ஒருமுறை கேட்டிருந்தாள். எங்கேயாவது போகலாம் என்று. அவரும் சரி என்றார். பேருந்து நிலையத்துக்கு எதிரேதான் கடை. "இன்னும் ஒரு ஜோடிதான், மாட்டிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். "ஒண்ணும் அவசரமில்ல, முடிச்சிட்டே வாங்க" என்று அவள் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் புது சூட்கேஸின்மேல் உட்கார்ந்தாள். மூன்று பேருந்துகள் போயின. நான்காவதும் கிளம்பியபிறகு அவர் கை துடைத்தபடி வந்தார், இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். சூட்கேஸின் மூடியில் அவள் உட்கார்ந்த குழி விழுந்துவிட்டது, அது பிறகு நிமிரவேயில்லை. கோபம் என்று சொல்லிவிட முடியாது. அவர் கெட்டவர் இல்லை, குடிப்பதில்லை, ஒரு சொல் கடுத்துப் பேசியதில்லை, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கே போகாமல் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். ஆனால் இனி வாயைத் திறந்து கேட்பதில்லை என்று அவள் முடிவுசெய்தாள். அதன்பின் பதினாறு வருடம், தாமதமாகும் ஒவ்வொன்றுக்கும் அதே வாக்கியத்தை அதே சிரித்த முகத்தோடு சொல்லிவந்தாள். ஊருக்குள் நல்ல பெயர் கிடைத்தது. வாசலில் நின்ற அந்தக் காலையில்கூட, அவராகச் சொன்னால் உண்டு என்றுதான் நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகத் தாழ்வாரத்தின் பெஞ்சில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தாள். அவர் வீட்டில் இருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் தட்டச்சு ஓடிக்கொண்டிருந்தது. குரலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டே பழகிய காது அது. கட்டைவிரலின் குத்துவரை எல்லாம் துல்லியமாகக் கேட்டது. அவள் விரல்கள் மடியில் சும்மா கிடந்தன.

"சாப்ட்டீங்களா?"

"ரெண்டு பேரும் இப்பதான் சாப்ட்டோம்" என்றார். "விசா என்னாச்சு?"

"இன்னும் இல்ல."

"வரலன்னா விடு, மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. நீதான் இங்க இருக்கியே." வெட்கப்படுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லணும். நேத்து நீ பேசினே."

"நானா?"

"கடைக்குக் கிளம்பறப்ப, வர லேட்டாகும்னு சும்மா நாற்காலியைப் பாத்துச் சொன்னேன். பதில் வந்துச்சு. உன் குரலேதான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, போயேன்."

"என்ன சொன்னேன்?"

"'ஒண்ணும் அவசரமில்ல, முடிச்சிட்டே வாங்க'ன்னே."

தாழ்வாரத்தின் கோடியில் எழுத்தர் தலையை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவள் தன் கையைப் பார்த்தாள். பெஞ்சின் மரவரிகள் விரல்களுக்கு ஊடாகத் தெரிந்தன. அங்கே அந்த வீட்டில் தேநீரைப் பாதி குடித்துக்கொண்டு, நாத்தனாருக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டு, எதையும் கேட்காமல் ஒருத்தி சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவருக்கு அவளே போதும். இவளுக்கு எழுந்துபோகக் கால் இருக்காது.

"ஏங்க."

"சொல்லு."

சொல்வதற்காக அவள் மூச்சை இழுத்ததும், மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. வேலை நேரத்தில் அது அப்படி நின்றது இரண்டாவது முறை. வெறும் மேசைமுன் நாற்காலி மெல்லப் பின்னால் நகர்வதும், அவர் திரும்பி "என்னம்மா?" என்று அதனிடம் கேட்பதும் கேட்டன. தாழ்வார ஜன்னலுக்கு வெளியே ஓர் அலை தயங்கி, வந்து, உடைந்து திரும்பியது.

"அங்க இல்ல, இங்க கேளுங்க. எனக்கு அவசரம். கடையில இருக்கற ஜோடியை அப்படியே வச்சுடுங்க. பரண்மேல குழி விழுந்த சூட்கேஸ் இருக்கு, அதை இறக்குங்க. என்னையும் கூட்டிக்கிட்டு, நீங்களும் இங்க வாங்க."