தோளுக்கு மேல் எழாத கைகள்

உதவித்தொகை வங்கிக் கணக்கில் விழத் தொடங்கிய மாதத்திலிருந்து, அதை வாங்கிய பெண்களின் கை வார்டு கூட்டத்தில் தோளுக்கு மேல் எழும்பவில்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லை. மேல்தட்டு டப்பாவை எடுத்தார்கள், கொடியில் துணி போட்டார்கள். கூட்டத்தில் வாக்குக் கேட்டதும் கை பாதியில் நின்றுவிடும். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் வாயுப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்ததில் ஆறு வருடம் போய்விட்டது. அதற்குள் பொதுக்குழாய் போனது, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு போனது. எல்லாம் முறைப்படி எண்ணி நிறைவேறிய தீர்மானங்கள்தான்.

ஏழாம் வருடம், தெருவிலிருந்த சுகாதார நிலையத்தை நெடுஞ்சாலைக்கு அப்பால் மாற்றும் தீர்மானம் வந்தது. சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் பெண்ணும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். அவள் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தால் மருந்துப் புகை பிடிக்கும் கருவி அங்கேதான் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினால் நான்கு நிமிடம். நெடுஞ்சாலையைக் கடப்பதற்குள் பிள்ளைக்கு உதடு நீலமாகிவிடும்.

“வேண்டாம்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்றார் எழுத்தர். உதவித்தொகை வாங்காத வளையல்கடைக்காரரின் கை மட்டும் எழுந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள். பக்கத்தில் நாத்தனாரின் கையும் அதே உயரத்தில் நின்றது. பின்வரிசை முழுக்க அப்படித்தான்.

“அண்ணி, உங்களுக்குமா?” என்றாள் நாத்தனார்.

பட்டன் தைக்கிறவளுக்கு ஆத்திரமாக வந்தது. துணியைத் திருப்பிப் போட்டுத்தான் எத்தனையோ கோணலை அவள் சரிசெய்திருக்கிறாள். தரையில் மல்லாந்து படுத்தாள். தோளுக்கு நேராக முன்னால் நீண்ட கை இப்போது கூரையைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. நாத்தனார் படுத்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் படுத்தார்கள்.

எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “படுத்துக்கிட்டுத் தூக்குனா எண்ணக்கூடாதுன்னு எங்கயும் போடலையே” என்று அலுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் மிதிக்காமல் ஊடே நடந்து எண்ணினார். வளையல்கடைக்காரரோடு சேர்த்து நாற்பத்தொன்று.

சுகாதார நிலையம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அலுவலகமே பாய் வாங்கிப் போட்டது. இப்போது உதவித்தொகைக்கு மனு கொடுக்கும்போதே பாய் எண்ணும் கொடுத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி.

அந்த மகள் பதினெட்டு முடிந்து முதல் கூட்டத்துக்கு வந்தாள். அவள் பெயரில் இன்னும் எந்தத் தொகையும் வரவில்லை. முன்வரிசையில் நாற்காலியும் காலியாக இருந்தது.

“அங்க போய் உட்காருடி, உனக்குத்தான் கை எழும்புமே” என்றாள் அம்மா, பாயில் படுத்தபடி.

“நம்ம ஆளுங்க எல்லாம் இங்கதானேம்மா இருக்காங்க” என்று மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு எண்ண ஆரம்பித்தார்.