காற்று வெளியே போகாத பெட்டி

மருத்துவக் கல்லூரிகளுக்கு உடல் உறுப்பு மாதிரிகள் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்குக் காதுக்காரி என்றுதான் பேர். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வேறு ஆட்கள் உண்டு. நிஜத்தைவிட மூன்று மடங்கு பெரிய பிளாஸ்டிக் காதுகளுக்கு, காற்றழுத்தத்தில் பெயிண்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷால் வண்ணம் அடிப்பது அவள் ஒருத்திதான். மடலுக்கு வெளிர்சிவப்பு, துளைக்குள் போகப் போகக் கருஞ்சிவப்பு. பட்டறை இருந்த கட்டடம் கைமாறியதும் முதலாளி கம்ப்ரசரையும் நாற்பது காதுகளையும் அவள் வீட்டுக்கே ஏற்றி அனுப்பிவிட்டார்.

"வீட்டுலேயே அடிச்சுக் குடும்மா. மனசுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

அவள் கணவன் இறந்து அப்போது மூன்று மாதம்.

மாறுதல் வேண்டும் என்று அவள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாவு வீட்டில் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று உறவுக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அதுவும் உறைக்கவில்லை.

பின்னறை ஜன்னல் ஒரு குறுகலான சந்துக்குத் திறக்கும். நாலு மாடி வீடுகளின் ஜன்னல்களும் அதே சந்தைப் பார்த்துத்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் ஆறு காதுகளை முடிப்பதற்குள் மேல்மாடி அக்கா இறங்கி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். சண்டை போட வந்தாலும் குரல் உயராது.

"எங்க வீட்டுக்காரருக்கு இளைப்பு இருக்கும்மா. தின்னர் வாடை நேரா எங்க படுக்கையறைக்குத்தான் வருது. உனக்கே மூக்கைத் துளைக்கலையா?"

"எனக்கு வாசனையே தெரியாதுக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட போச்சு."

"பால் தீஞ்சா?"

"புகை வந்தா தெரியும்."

மறுநாளே குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஆள் வந்து, சந்துப்பக்கம் எந்தப் புகையும் தூசியும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளுக்கு டேப் ஒட்டினாள். இனி உள்ளே அடிக்கும் காற்று உள்ளேயேதான் சுற்ற வேண்டும்.

கொழுந்தன் ஏ.சி. மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை துளை போடும் மெஷினோடு வந்தான். துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை, காதை உள்ளே வைத்து அடிப்பதற்காக வாய் முன்னால் இருக்கும்படி பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகில் சதுரமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் முதலில் பஞ்சு ஃபில்டர், அடுத்து மடிப்பு மடிப்பாக இருக்கும் கார் ஃபில்டர், கடைசியில் கரி போட்ட ஃபில்டர், எல்லாவற்றுக்கும் பின்னால் குளியலறை ஃபேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். இது பெயிண்ட் தூசியத்தான் பிடிக்கும். தின்னர் ஆவியப் பிடிக்கும்னு நம்பாதீங்க. கரி கொஞ்ச நாளுக்குத்தான் தாங்கும். அதுவும் இந்த மோட்டார்ல ஒரு பொறி பறந்தா போதும், குப்புனு பத்திக்கும். இனிமே தண்ணி பெயிண்ட்தான். அப்பவும் மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும்."

"சரி தம்பி."

அவன் டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்துப் பெட்டியின் வாயில் பிடித்தான். ஃபேனைப் போட்டதும் தாள் உள்பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அவள் பதிலுக்குத் தலையாட்டினாள். கிளம்பும்போது, "அண்ணன் இருந்தா இதுக்கு நூறு குத்தம் சொல்லியிருக்கும்" என்றான். அதற்கும் தலையாட்டினாள்.

தண்ணீர் பெயிண்ட் அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. ஏர்பிரஷ்ஷின் ஊசிமுனையில் காய்ந்து அடைத்துக்கொண்டது, திடீரென்று துப்பியது. மூன்று காதுகள் அம்மை போட்டதுபோல் ஆயின. அவற்றைக் கழுவித் தேய்த்து மறுபடி அடித்தாள். பெயிண்டை இன்னும் நீர்க்கக் கலந்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஊசியைத் துடைத்தால் அடைக்காமல் வருகிறது என்று நாலாம் நாள் பிடிபட்டது.

பெட்டி வேலை செய்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அறையில் ஈரமான வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுப் பார்த்தாள், சிவப்பு படியவில்லை. தூசிக்கு அது போதும். வாடைக்கு மூக்கு வேண்டுமே. மாடியேறிப் போய் அக்காவிடமே கேட்டாள்.

"ஒரு அரைமணி நேரம் வந்து உக்காந்து பாக்குறீங்களா?"

"புகார் குடுத்தவளையே ஆய்வுக்குக் கூப்பிடுறியா?" என்றாள் அக்கா. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முதல் நாள் அக்கா பெட்டியைச் சுற்றி வந்து, ஃபேன் ஓரத்தில் கையை வைத்து, "இந்தப் பக்கம் கசியுது" என்றாள். அங்கே விரல் நுழைகிற இடைவெளி. இருவருமாக அலுமினிய டேப் ஒட்டினார்கள். மறுநாள் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒரு முழுக் காதையும் அடித்து முடிக்கும்வரை அக்கா ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பெயிண்ட் வாடை அவ்வளவா இல்ல. ஆனா..." என்று இழுத்தாள். "வேற ஏதோ வருதும்மா. கெட்டுப்போன வாடை. எலி எதுவும் செத்துக் கிடக்கா?"

அலமாரிக்குக் கீழே பார்த்தார்கள். மூட்டைகளை நகர்த்தினார்கள். அக்கா மோந்துகொண்டே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஆணியில் ஒரு மழைக்கோட்டு. அதை விலக்கினாள். பின்னால் ஒரு கறுப்புப் பை.

"இது யாரோடது?"

அவளுக்கு நினைவு வந்தது. கணவன் ஒரு டயர் கிடங்கில் மேற்பார்வை. இறந்த அன்று காலை பதினொரு மணிக்கு மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கூட வேலை பார்த்தவர் சாயங்காலம் அந்தப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். வீடு நிறைய ஆட்கள். கைக்குக் கிடைத்த ஆணியில் மாட்டினாள். யாரோ அதன்மேல் மழைக்கோட்டை மாட்டினார்கள். ஜன்னல் திறந்திருந்தவரை வாடை சந்தோடு போயிருக்கும்.

"அவரோட மதியச் சாப்பாடு" என்றாள்.

அக்கா பையை எடுக்கக் கை நீட்டினாள். "நானே எடுக்குறேன்கா" என்று அவள் முந்திக்கொண்டாள். பைக்குள் இருந்த சாப்பாட்டு டப்பாவின் மூடி இறுகியிருந்தது. கத்தியின் முதுகால் நெம்ப வேண்டியிருந்தது. அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள். அவள் அப்படியே குனிந்து பார்த்தாள். கறுத்து, ரோமம் முளைத்து, என்ன சமைத்திருந்தாள் என்பதே தெரியவில்லை. அன்றைக்கு என்ன சமைத்தேன் என்று யோசித்தாள். வரவில்லை.

குப்பைப் பையில் கொட்டி இறுகக் கட்டினாள். டப்பாவை மூன்று முறை தேய்த்தாள். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் மோந்து, "இன்னொரு தடவ" என்றாள்.

"அழணும்னா அழுதுடும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"வரலக்கா."

"வரலன்னா விடு. வரும்போது வரட்டும்."

டப்பாவைக் கவிழ்த்து வைத்தார்கள். அன்று அவள் இன்னும் இரண்டு காதுகள் அடித்தாள்.

மாதக் கடைசியில் நாற்பதும் போய்ச் சேர்ந்தன. ஏழு காதுகள் வெளிறியிருப்பதாக முதலாளி திருப்பி அனுப்பினார். அவற்றை அவள் மறுபடி அடித்துக்கொண்டிருந்த மத்தியானம், அக்கா தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்த மனிதர், படி இறங்கிய மூச்சு அடங்க நேரமாயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"வாடை ஏதும் வருதாங்க?" என்று அவள் மாஸ்க்கை இறக்கிக் கேட்டாள்.

"இல்ல." அவர் தன் காதைத் தடவிக்கொண்டார். "இவ்வளவு பெரிய காது யாருக்கும்மா?"

"படிக்கிற பிள்ளைங்களுக்கு. கடைசி பெஞ்சுக்கும் தெரியணும்ல."

"அடிச்சுக் காட்டேன்."

அவள் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, ஃபேனைப் போட்டு, வெளிர்சிவப்பை மடலின் ஓரத்தில் மெல்ல ஓட்டத் தொடங்கினாள்.