கரைந்துபோன கட்டி

என் தம்பி குடிக்கவில்லை. கடைத்தெருவில் யார் என்ன பேசியிருந்தாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா காலத்திலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

தம்பிக்குத் தெருவில் அளவுக்காரர் என்று பெயர். உள்ளே நுழைகிறவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், இரண்டு கண்மணிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவான். பிறகு அளவுகோலை வைத்தாலும் அதேதான் வரும். பேச்சையும் அளந்துதான் பேசுவான். பெண்கள் தனியாக வந்தால் கடைக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுத்தான் கண் பார்க்க உட்காருவான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் எதிர்வரிசைப் பல் டாக்டரின் மனைவியிடம், "அம்மா, உங்க மூக்குக்கு ஃபிரேம் தேடறதைவிட, ஃபிரேமுக்கு ஒரு நல்ல மூக்கு தேடறது சுலபம்" என்றான். சொல்லிவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தான். நான் கல்லாவில் இருந்தேன். என் உடம்பு கூசிப்போயிற்று. அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் அவன் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தெரு வாயைத் திறந்துவிட்டது. "காலையிலயே ஏத்திக்கிட்டுத்தான் கடை திறக்கறார் போல" என்று பல் டாக்டர் யாரிடமோ சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். அன்றோடு தம்பியைக் கடைக்கு வர வேண்டாம் என்றேன். வீட்டின் உள்ளறையில் அவனை இருத்திக் கதவைச் சாத்திவைத்தோம். அவன் பேச்சு வாசலுக்குப் போகக்கூடாது.

"அத்தான், இது திமிர் இல்ல" என்றாள் தம்பி மனைவி. "இன்னைக்குச் சட்டைக்கு மேல பனியனைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறார். வலது கால் வேற இழுக்குது. பார்க்கலியா நீங்க?"

தெருமுனை மருத்துவர் ஸ்கேன் எடுக்க அனுப்பினார். படத்தில், நெற்றிக்குப் பின்னால் மூளையின் இரண்டு பாதிகளும் சேருகிற இடத்தில், பஞ்சை அப்பியதுபோல ஒரு வெள்ளை இருந்தது. எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. நோய் என்றால் நோய். யாருக்கும் வரலாம். அதில் மானக்கேடு இல்லை.

சுற்றிலும் வீக்கம் இருக்கிறது என்று சொல்லி மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் சீட்டுக் கொடுத்தார். அங்கே முறை கிடைப்பதற்குள் பழைய தம்பி திரும்பிவந்துவிட்டான். வேறு எப்படிச் சொல்வது? ஒரு காலை, முகம் மழித்து, பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, நான் கடையில என்னென்ன பேசினேன்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"பொய் சொல்லாத. ஒவ்வொண்ணா ஞாபகம் வருது."

அன்றே பல் டாக்டர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். வந்ததும் உள்ளறைக்குப் போய், இந்தத் தடவை தானே கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் மூளை அறுவை மருத்துவர். என் மகள் வயதுதான் இருக்கும். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவைத்துப் பேசினார்.

"பார்த்தா லிம்போமா மாதிரி இருக்கு. வெள்ளையணுவில ஒரு வகை கெட்டுப்போய் மூளைக்குள்ள கட்டியா சேர்றது. ஆனா மாதிரி இருக்குன்னு வச்சுக்கிட்டு வைத்தியம் பண்ண முடியாது. வேற கட்டியும் இப்படி வெள்ளையாத் தெரியும், அதுக்கு மருந்தே வேற. மண்டையில சின்னதா துளை போட்டு, ஊசியால கொஞ்சம் திசு எடுத்துப் பார்த்தாத்தான் உறுதி. அதுக்கு முன்னாடி இந்த மாத்திரையைப் படிப்படியா நிறுத்தணும்."

"மாத்திரையிலதானேம்மா நான் நல்லா இருக்கேன்?" என்றான் தம்பி.

"அதான் சார் சிக்கல். லிம்போமாவா இருந்தா மாத்திரை அதைக் கரைச்சிடும். ஒழிக்காது, ஒளிச்சு வைக்கும். அந்த நேரத்துல ஊசி விட்டா செத்த செல்லுதான் கிடைக்கும். அப்புறம் அது வேற இடத்துல கிளம்பும்."

"நிறுத்தினா நான் பழையபடி ஆயிடுவேனா?"

"ஆகலாம். கொஞ்ச நாளைக்குத்தான். சீக்கிரம் உறுதி பண்ணிட்டா மருந்துக்குக் கேக்கிற நோய் இது."

தம்பி தலையாட்டினான். சொன்ன கணக்குப்படி மாத்திரையைக் குறைத்தோம். மிச்சத்தை நானே குப்பையில் போட்டேன். அவன் பேச்சு கெடவில்லை. கால்கூட இழுக்கவில்லை. எங்கள் உடம்பு வாகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி மனைவிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அத்தான், வெளியில மாத்திரை வாங்கிப் போட்டுக்கறாரோன்னு பயமா இருக்கு. ஒரு தடவை சட்டைப் பையைப் பார்த்துடட்டுமா?"

"கேட்டேன். போடலைன்னான். அதுக்கு மேல பையில கை விடறது போலீஸ்காரன் வேலைம்மா. நம்ம வீட்டுல அது நடக்காது."

அப்படித்தான் சொன்னேன். ஒருவன் வாயால் சொன்னதை இன்னொருவன் துழாவிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஊசி விட்டுத் திசு எடுக்கும் முன் எடுத்த படத்தில் வெள்ளை நகக்கண் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். "மாத்திரை நிறுத்தியாச்சுதானே?"

"எங்க வீட்டுல சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

"சில சமயம் தானாவும் சுருங்கும்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "சரி, இருக்கறதை எடுத்துப் பார்ப்போம்."

முடிவு வந்த அன்று அறுவை மருத்துவர் எங்களைத் திசு பார்க்கும் மருத்துவரின் அறைக்கே கூட்டிப்போனார். நான் கண்ணாடிக் கடைக்காரன் என்று தெரிந்ததும் திசு மருத்துவர் எழுந்து எனக்கு நுண்ணோக்கியைக் காட்டினார். ஊதா நிறத்தில் நுரைநுரையாகத் தெரிந்தது.

"அந்த நுரையெல்லாம் குப்பை அள்ற செல்லுங்க ஐயா. செத்ததைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கு. கொலை நடந்த இடத்துக்குப் போனா, பெருக்கறவங்க மட்டும் நிக்கிற மாதிரி. செத்தது யாருன்னு சொல்ல ஆளில்ல." பிறகு எங்களைப் பார்க்காமல், "ஸ்டீராய்டு உள்ள போனா இப்படித்தான் இருக்கும்" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் தம்பி பையிலிருந்து தன் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசையில் வைத்தான். அதன் வெல்வெட் துணிக்கு அடியில் மாத்திரை அட்டை இருந்தது. பாதிக்கு மேல் காலி.

"தப்புதான்" என்றான். "அந்த ஆளா இன்னொரு தடவை இருக்க முடியாது அண்ணா. அவன் பேசினதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. அவனுக்கு வெக்கமில்ல. எனக்கு இருக்கே!"

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலேயே வைத்து, நர்ஸின் கண்ணெதிரே மாத்திரையை நிறுத்தினார்கள். கட்டி மறுபடி தலைகாட்ட வேண்டும், அப்போதுதான் ஊசி. உலகத்தில் எல்லாரும் கட்டி கரையத்தான் வேண்டிக்கொள்வார்கள். நாங்கள் வளரட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த ஆள் வந்துவிட்டான். நர்ஸிடம் பேசக்கூடாததைப் பேசினான். என்னைப் பார்த்து, "அண்ணா, உன் முதுகுல அடிஸ்கேலை வச்சுத் தச்சுட்டாங்களா? ராத்திரி கழட்டி வச்சுட்டுத் தூங்குவியா?" என்று சிரித்தான். தம்பி மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். நான் எழுந்து போய் வார்டு அறைக் கதவைச் சாத்தினேன்.

கட்டி வந்தது. பழைய இடத்தில் இல்லை. மூளையின் அடியில், விழுங்கவும் மூச்சுவிடவும் உத்தரவு போகும் இடத்தை ஒட்டி, படத்தில் வெள்ளையாக விரிந்திருந்தது. ஆழத்தில் இருந்ததால் ஊசி விடவே மருத்துவர் யோசித்தார். மேலே தள்ளி இன்னொரு சிறு வெள்ளைத் திட்டு இருந்தது. அதிலிருந்து எடுத்தார்.

"கிடைச்சிருச்சு" என்றார் திசு மருத்துவர். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. நுண்ணோக்கியில், ரத்தக் குழாயைச் சுற்றி, விபத்தைப் பார்க்கக் கூடுகிறவர்களைப் போல, கருத்த பெரிய செல்கள் நெருக்கியடித்து நின்றன. தனிச் சாயம் போட்ட இன்னொரு கண்ணாடிச் சில்லில் அவை எல்லாமே பழுப்பாகத் தெரிந்தன. "இந்தச் சாயம் பிடிச்சா லிம்போமாதான் ஐயா. சந்தேகமே இல்ல."

அதற்குள் தம்பிக்கு விழுங்குவது நின்றுவிட்டது. சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்து, சிறுநீரகமும் கெட்டிருந்தது. "இதுக்கு உள்ள மருந்தை இந்த உடம்பு தாங்காது" என்றார் அறுவை மருத்துவர். "கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம். ஆனா..." சொல்லி முடிக்காமல் கதிர்வீச்சுக்குச் சீட்டு எழுதினார்.

கதிர்வீச்சு முடிந்து தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பல் டாக்டரும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். கூடத்தில் நின்றபடியே நோயின் பெயரைச் சொன்னேன். படத்தில் பார்த்ததையும் திசுவில் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"குடின்னு நான் ஒருநாளும்..." என்று ஆரம்பித்தார் பல் டாக்டர்.

"சொன்னீங்க. என் காதால கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க" என்றார். இதைக் கேட்கத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். கேட்டாயிற்று.

உள்ளறைக் கதவு வழக்கம்போலச் சாத்தியிருந்தது. நானே போய்த் திறந்தேன். இரண்டு கதவையும் சுவர்வரை தள்ளித் திறந்துவைத்தேன். இனி அவன் என்ன பேசினாலும் அது நோய்தான். வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்கட்டும்.

தம்பி மனைவி அவன் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டரின் மனைவி கட்டிலருகே போய்க் குனிந்தார்.

"அளவுக்காரரே, நான்தான் வந்திருக்கேன். என் மூக்கைப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

தம்பியின் கண்கள் அவர் முகத்தில் வந்து நின்றன. அளந்தானோ என்னவோ. நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றோம். வாசல்வரை எல்லாக் கதவும் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.